எந்தப் பக்கத்து ரத்தம்?

அத்தியாயம் 14

கனகுவைப் பாடசாலையிலிருந்து திருப்பி அனுப்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் நல்லம்மாவைத் திட்டுவதற்கு எத்தனை பேர்! ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு தாய் அப்படியா அடிப்பாள் என்கிறீர்கள். சரிதான். ஆனால் வகுப்பு நடக்கும்போதே ஜன்னல் வழியாக இறங்கி, ரோட்டில் நின்ற மரக்கறி லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்ட பிள்ளையை ஹாலிஎல வரை தேடி அலைந்தவள் நல்லம்மாதான். நீங்களும் நானும் இல்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர் வைரவநாதன். மனைவி நல்லம்மா. முன்னால் கடை, பின்னால் வீடு. மூத்த மகள் சரஸ்வதிக்கு இருபது வயது. அவள் இருக்கும் இடமே தெரியாது. இளையவள் கனகு இருக்கும் இடத்தில் இருக்கவே மாட்டாள்.

வைரவநாதனின் அக்காள் மீனாம்பாள் பண்டாரவளையில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறேன் என்று அவள் சொல்லியனுப்பிவிட்டாள். அவள் மகன் ஜெயராசாவுக்குச் சரஸ்வதி தாய்மாமன் மகள். உரிமை உள்ள பெண். அத்தைக்காரி பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் முடிந்தது கதை. அப்புறம் யாரும் பேச முடியாது.

ஜெயராசா கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சூது கிடையாது. கூட்டுறவுக் கடையில் சேர்ந்தான், விட்டான். லொறி ஓட்டினான், விட்டான். தோட்டத்து ஆபீசில் எழுத உட்கார்ந்தான். தேத்தண்ணி குடிக்க எழுந்தவன் திரும்பிப் போகவே இல்லை. இப்போது கோழிப் பண்ணை போடுகிறானாம். கூடு பாதியில் நிற்கிறது.

"என் மகளை அவனுக்கா?" என்று நல்லம்மா ராத்திரி பகலாகக் குமைந்துகொண்டிருந்தாள். அவள் மனதில் வேறொரு நினைப்பு இருந்தது. அடுத்த இரும்புக் கடை தெய்வானை அக்காளின் தம்பி மாத்தளையில் இருக்கிறார். அவர் மகனுக்கு வங்கி உத்தியோகம். காலையில் போய் மேசை முன் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பானாம். நல்லம்மாவுக்கு அதைக் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அத்தை மகன் இருக்கும்போது வெளியில் பெண் கொடுக்கக் காரணம் வேண்டுமே? சும்மா மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அந்தக் காரணம் வெள்ளிக்கிழமை காலையிலேயே கிடைத்தது. கொடுத்தவர் டாக்டர் ஸஹாப்தீன்.

சீமையில் படித்துவிட்டு வந்து பதுளையில் டிஸ்பென்சரி போட்டிருந்தார் அவர். கனகுவைக் கூட்டிக்கொண்டு வைரவநாதனும் நல்லம்மாவும் போயிருந்தார்கள். கனகு உள்ளே நுழைந்ததுமே நிறைபார்க்கும் மெஷினில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். நல்லம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

டாக்டர் பிள்ளையை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பிள்ளையின் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வைரவநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் இருந்த படத்தை நேராக்கினார். பிறகு கனகு ஏறிய மெஷினில் தானும் ஏறிப் பார்த்தார். டாக்டர் ஏதோ கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டு, "வேன் கதவைச் சாத்தினேனான்னு பார்த்துட்டு வந்துர்றேன்" என்று வெளியே போய்விட்டார். கனகுவும் பின்னாலேயே ஓடினாள்.

"பிள்ளைக்குப் புத்திக் குறைவு ஒண்டும் இல்ல" என்றார் டாக்டர். "நல்ல புத்தி இருக்கு. அதை ஒரு இடத்தில நிப்பாட்டத்தான் அவவுக்கு ஏலாம இருக்கு. அடிச்சாலும் நிக்காது."

"யாரும் கண்ணு வச்சிட்டாங்களோன்னு வேப்பிலையெல்லாம் அடிச்சோம் டாக்டர்."

"கண்ணூறும் இல்ல. உங்கட வளர்ப்பும் இல்ல. இப்படிப் பிள்ளைகளின்ட தாய் தகப்பன்மாரை வெளிநாட்டில விசாரிச்சுப் பார்த்திருக்காங்க. கனக்கத் தகப்பன்மார் சின்ன வயசில இதே மாதிரி இருந்திருக்காங்க. தத்தெடுத்து வளர்த்த தகப்பன்மாரிட்ட அப்படித் தெரியல்ல. அதால இது பிறப்பிலேயே குடும்பத்துக்குள்ள வருதெண்டு நினைக்கிறாங்க. இன்னும் முழுசா ஒருத்தருக்கும் தெரியாது."

நல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கள் வளர்ப்பு இல்லை என்று அவளிடம் இதுவரை ஒரு மனிதர் சொன்னதில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் அவள் வளர்ப்பைத்தான் சொன்னார்கள். டீச்சரும் அதையே சொன்னாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப இது எந்தப் பக்கத்து ரத்தம் டாக்டர்?"

டாக்டர் வெளியே பார்த்தார். அங்கே வைரவநாதன் பெஞ்சின் மேல் ஏறி நின்று மழைத்தண்ணீர் வடியும் கூரைப் பீலியில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். கனகு கீழே நின்று அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கத்தாலயும் வரலாம்."

"சொந்தத்துக்குள்ள கட்டினா? ரெண்டு பக்கமும் இருந்தா?"

"ரெண்டு பக்கமும் இருந்தா கூடுதலா வர இடமிருக்கு. ஆனா தாயே, இது ஒருத்தரைக் குறை சொல்றதுக்காகச் சொன்னதில்ல. பிள்ளையை விளங்கிக்கொள்றதுக்காகச் சொன்னது."

கடைசியாகச் சொன்னதை நல்லம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் வைரவநாதன் சாப்பிட வந்தார். அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற பாண் கியூக் காலத்தில்கூட ஒரு நாள் அவர் நின்றதில்லை. நின்றதெல்லாம் நல்லம்மாதான். கடைக் கல்லாவிலும் விற்பனையாளர் ஹாஷிம்தான் உட்காருவார். முதலாளி வேனில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். ஓயாமல் உழைக்கிற மனுஷன் என்று ஊரே புகழ்ந்தது. அதே ஓயாத கால் கனகுவுக்கு இருந்தால் மட்டும் அடங்காப்பிடாரி.

"என்னங்க, நீங்க சின்ன வயசில எப்படி இருந்தீங்க?" என்று நல்லம்மா கேட்டாள்.

"எனக்கென்ன, ராசாவாட்டம் இருந்தேன்." ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தார். "அப்பா கடைத் தூணில கட்டிப் போட்டுருவாரு. அவர் வேட்டியாலயே. யாவாரம் முடியுற வரைக்கும் அங்கதான். துணி எடுக்க வர்ற சனம் என்னையும் பார்த்துச் சிரிச்சிட்டுப் போகும்."

நல்லம்மா சிரிக்கவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் மூட்டையைத் தூக்கித் தோளில வச்சு, போடா, தோட்டத்துக்குப் போய் வித்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. அன்னைக்குத்தான் புள்ள எனக்கு மூச்சே வந்திச்சு."

"மதினி எப்படி? மதினியும் இப்படித்தானா?"

"அக்காவா? அது பொம்பளப் புள்ள. அதை எங்க அனுப்புறது?" என்றவர், கையைக் கழுவாமலே ஏதோ நினைவு வந்து கடைப் பக்கம் நடந்தார்.

"சாயங்காலம் தட்டு வாங்க நீங்க வந்து உக்காரணும். மறந்துறாதீங்க!"

"உக்காருவேன், உக்காருவேன்."

பூ வைக்கப் பெண்கள் வரும் நேரம் நெருங்கியது. தெய்வானை அக்காளை நல்லம்மாவே போய்க் கூப்பிட்டிருந்தாள். மீனாம்பாளைத் தனியாக உள்ளே அழைத்து, டாக்டர் சொன்னதைப் பக்குவமாகச் சொல்லி, தட்டோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். பக்கத்திலேயே தெய்வானை அக்காள் இருந்தால் சூட்டோடு சூடாக மாத்தளைப் பேச்சையும் எடுத்துவிடலாம். அதுதான் அவள் திட்டம்.

ஆனால் கனகுவை என்ன செய்வது? வாழைப்பழச் சீப்பில் இரண்டை ஏற்கெனவே காணவில்லை. குங்குமச் சிமிழ் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. நல்லம்மா அவளைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். பழைய சேலையைக் கிழித்து ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டினாள். மறுமுனையைப் பிள்ளையின் கணுக்காலில் கட்டினாள்.

"அம்மா, இனிமே ஆடமாட்டேன்மா. சத்தியமாம்மா."

"கொஞ்ச நேரந்தான். வாயைத் தொறந்தே, கொன்னுருவேன்."

மத்தியானம் புருஷன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அது கடைத் தூண், ஊரார் பார்க்கக் கட்டியது, இது வீட்டுக்குள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் அவளுக்குப் பரிந்து பேசப் போவதில்லை. அவள் செய்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மீனாம்பாள் பண்டாரவளைச் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்தாள். பட்டுச்சேலை, தேங்காய், வெற்றிலை, நடுவில் பந்தாகச் சுருட்டிய மல்லிகைச் சரம். தட்டை வைத்தவள் உட்காரவில்லை. ஜமுக்காளத்தின் மடிப்பை நீவினாள். குத்துவிளக்கைத் திருப்பி வைத்தாள். வெற்றிலையை எடுத்து மறுபடி அடுக்கினாள். சரஸ்வதி கிழக்குப் பார்த்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க, சிலை மாதிரி உக்காந்திருக்கா" என்று தெய்வானை அக்காள் மெச்சிக்கொண்டாள். நல்லம்மாவுக்குப் பெருமை பொங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து கனகுவின் அழுகை கேட்டது.

"என்ன நல்லம்மா, சின்னதைப் பூட்டி வச்சிருக்கியா?" என்றாள் மீனாம்பாள். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளையை அழவிடுறியே. அடக்கமா வளர்க்கத் தெரிஞ்சா இந்தக் கஷ்டம் ஏன்? நானும் ஒண்ணு வளர்த்தேன். இப்படிப் பூட்டினேனா?"

தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளே, அந்தத் திட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. வளர்ப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நல்லம்மாவுக்குக் கண் மண் தெரியவில்லை.

"என் வளர்ப்பு இல்ல மதினி! டாக்டரே சொல்லிட்டாரு. இது உங்க ரத்தம். உங்க தம்பிக்கு இருக்கு. உங்க மகனுக்கு இருக்கு, அதான் ஒரு வேலையில நிக்க மாட்டேங்கிறான். என் புள்ளைக்கும் அங்கேயிருந்துதான் வந்திச்சு. சொந்தத்துக்குள்ள கட்டினா பொறக்குறதுக்கெல்லாம் வரும். சீமையில படிச்ச டாக்டர் சொன்னாரு. பரம்பரையா வர்றதாம்!"



சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்தச் சுகம் கொஞ்ச நேரம்கூட நீடிக்கவில்லை. தெய்வானை அக்காள் சரஸ்வதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலை என்று மெச்சிய அதே கண்தான். ஆனால் இப்போது வேறு எதையோ தேடியது. பிறகு வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடுப்பில பால் வச்சிட்டு வந்தேன் நல்லம்மா. இன்னொரு நாளைக்கு வர்றேன்."

"அக்கா, பூ வைக்கிற வரைக்கும்..."

"இல்லம்மா. எங்க தம்பி வீட்டுலயும் ரெண்டு மூணு நாளா வேற இடம் பேசிக்கிட்டிருக்காங்க. சொல்ல மறந்துட்டேன்."

செருப்புச் சத்தம் கடை வழியாகப் போய்த் தெருவில் மறைந்தது. நல்லம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டப் போகும் இடத்தில் ஏழு தலைமுறை விசாரிக்கிற சனங்களின் நடுவில் நின்று, தன் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தில் குறை இருக்கிறது என்று தன் வாயாலேயே கூவியிருக்கிறாள். வெளியார் எவரும் சொல்லவில்லை. அவளேதான் சொன்னாள்.

மீனாம்பாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எங்க ரத்தம்னே வச்சுக்க. அந்த ரத்தந்தானே சரசுவுக்கும்? இன்னைக்கு நான் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா, ஏன் போனேன்னு நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நீ சொன்ன காரணத்தைத்தான் நானும் சொல்லணும். அப்புறம் உன் ரெண்டு பொண்ணுக்கும் மாப்பிள்ளை எங்கேருந்து வரும் நல்லம்மா? நீயே சொல்லு. வைக்கவா, எடுக்கவா?"

நல்லம்மா வாசலைப் பார்த்தாள். புருஷன் வந்தாலாவது தப்பிக்கலாம். வந்தது ஹாஷிம்.

"முதலாளி இல்லீங்க அம்மா. பின் பக்கமா வந்தாரு. சின்னவங்க அழுறதைப் பார்த்து அவருக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. கட்டை அவிழ்த்து வேனில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. நமுனுகுல ரோட்டுப் பக்கம். இங்க உங்க விசேஷத்தைப் பத்தி நான் சொன்னேன். காதிலயே வாங்கல்ல."

மகளுக்குப் பூ வைக்கும் நேரத்தில் தகப்பன் மலையேறிவிட்டார்! பண்டாரவளைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரின் பேச்சுக்குச் சாட்சி கேட்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நல்லம்மா சரஸ்வதியின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு சரசு. உனக்குப் பிடிக்கலன்னு சொல்லு. நான் எப்பாடு பட்டாவது இதை நிறுத்துறேன். நீ அவங்களை மாதிரி இல்ல. நீ என்னை மாதிரி. உனக்கு வேற இடம் பார்க்கலாம்."

சரஸ்வதி சுவரைப் பார்த்து நின்றாள். "டாக்டர் என்னைப் பத்தி ஏதும் கேட்டாராம்மா?"

"உன்னை ஏன் கேக்குறாரு?"

"எனக்கும் அதேதாம்மா."

"என்ன உளர்றே?"

"நான் ஓடல. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பக்கம் படிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்புறப்ப முந்தின பக்கம் போயிருக்கும். நீங்க என்னமோ சொல்லிக்கிட்டே இருப்பீங்க, நான் ம்னு சொல்வேன், ஒரு சொல்லு உள்ள போயிருக்காது. உப்புப் போட்டேனா இல்லையான்னு ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடிக்கும். பத்தாம் வகுப்பில ஏன் ஃபெயிலானேன்னு நினைக்கிறீங்க? அப்பாவுக்கு வேன் இருக்கு. ஜெயராசா மச்சானுக்கு வேலையை விட்டுட்டுப் போக ரோடு இருக்கு. கனகு ஜன்னலால குதிக்கிறா. நான் சேலையைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்குன்னு இருக்கிற ஒரே நல்ல புள்ள நான்தானேம்மா."

இருபது வருஷம் பெருமைப்பட்ட அடக்கம் இதுதானா? நல்லம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். மகளைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது. கை எழவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் சரஸ்வதி. "எனக்கும் இருக்கு, மச்சானுக்கும் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு பொறந்தா அதைப் பார்த்துக்க யாரு இருப்பா? இந்த வீட்டுலயாவது நீங்க இருந்தீங்க."

கதவருகில் மீனாம்பாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் கையில் மல்லிகைச் சரம் இருந்தது. விரல்கள் அதை உருட்டிக்கொண்டே இருந்தன.

"எனக்குப் பதினாலு வயசில கல்யாணம்" என்றாள் அவள். கூடத்தில் பேசிய குரல் இல்லை அது. "உன் அப்பனை மூட்டையோட ரோட்டுக்கு அனுப்பினாங்க. என்னைப் பண்டாரவளைக்கு அனுப்பினாங்க. ரெண்டும் ஒண்ணுன்னுதான் எங்கப்பா நினைச்சாரு." சரஸ்வதியின் முகத்தைப் பார்த்தாள். "என் வீட்டுல உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க சரசு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மத்ததுக்கு எனக்கும் வழி தெரியாது."

பிறகு நல்லம்மாவிடம் திரும்பினாள். "சனம் காத்திருக்கு. என்ன சொல்றே?"

மாத்தளை போய்விட்டது. இதை விட்டால் வேறு வாசல் இல்லை. இருந்த வாசல்களைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சாத்தியது யார் என்பது நல்லம்மாவுக்குத் தெரியும். இந்தப் பூவைத் தடுக்கத்தான் அவள் டாக்டர் சொன்னதை மடியில் முடிந்துகொண்டு வந்தாள்.

"வைங்க மதினி" என்றாள்.

சரஸ்வதி அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லம்மா தாங்கியிருப்பாள். கூடத்துக்குத் திரும்பி வந்து சரஸ்வதி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். மீனாம்பாள் பூவை வைத்தாள், குங்குமம் இட்டாள். பண்டாரவளைப் பெண்கள் குலவையிட்டார்கள். தட்டு மட்டும் அப்படியே நடுவில் இருந்தது. அதைப் பெண்ணின் தகப்பன்தான் வாங்க வேண்டும். வாங்காத தட்டு செல்லுமா செல்லாதா என்று அந்தப் பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தம்பி எப்போது வருவான் என்று மீனாம்பாள் கேட்டாள். யாருக்குத் தெரியும்? நமுனுகுல பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

இந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பூ வைத்த பெண், தகப்பன் தட்டை வாங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அபசகுனம்.

பெண்கள் தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் கடித்தார்கள், சீட்டித் துணியும் வொயில் சேலையும் என்ன விலை என்று பேசினார்கள். சரஸ்வதி தலை குனிந்தபடியே இருந்தாள். மகளின் மடியை நல்லம்மா இன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நல்லம்மா பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அம்மா," என்றாள் சரஸ்வதி மெல்ல, "நான் எழுந்திரிக்கவா?"

பிறந்ததிலிருந்து அவள் கேட்காத கேள்வி அது. நல்லம்மா வாசலைப் பார்த்தாள். வேன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் அத்தனை பெண்களும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு" என்றாள் நல்லம்மா.